இருபத்து நான்கு கைநாட்டு

மார்கிரட் காகிதத்தை மேசையில் வைத்தாள். "இன்னைக்கு மூணு மணி ரயில்ல பேராசிரியர் வட்டகொடையில இறங்குறாரு. அதுக்குள்ள இது பொய்னு காட்டலேன்னா வகுப்பு போச்சுங்க ஐயா."

இலங்கை மலையகத்து அட்டனில் துப்பறியும் அலுவலகம் நடத்திவந்த கணேசமூர்த்தி காகிதத்தைத் தொடவில்லை. முதலில் விஷயத்தைக் கேட்டார்.

மார்கிரட் வட்டகொடைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவள். ஆராய்ச்சியாளர்கள் மக்களுக்காகத் தாமே தொடங்கும் முயற்சிகளுக்குப் பேராசிரியரின் பொறுப்பில் பல்கலைக்கழகம் அந்த ஆண்டு நிதி ஒதுக்கியிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் இருபத்து நான்கு பேருக்குத் தட்டெழுத்தும் அலுவலக வேலையும் கற்றுத்தர அவள் போட்ட திட்டம் தேர்வாகிவிட்டது. வகுப்பில் முதலாவதாக வருபவருக்கு ஆபீசில் உதவிக் கிளாக்கர் வேலை என்று தோட்ட நிர்வாகியான தொரையும் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்துக்கு இந்த மனு போனது. 'எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம்' என்றது அது. கீழே தாய்மார் இருபத்து நான்கு பேரின் பெயர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கைநாட்டு.

"அவங்களையே கேட்டீங்களா?"

"யாரும் வைக்கலேன்னுதான் சொல்றாங்க. நான் முன்னால நின்னா அப்படித்தான் சொல்லுவாங்கன்னு பேராசிரியர் எழுதியிருக்காரு."

அவள் மூவரைச் சந்தேகித்தாள். கங்காணி அழகுமுத்து, கொழுந்து பறிக்க ஆள் குறையும் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னிலும் சத்தம் போட்டவர். கடைக்காரர் சிவசாமி தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆட்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பவர். வகுப்புக்கென்று தொரை ஒதுக்கிய அறையில் அதுவரை அவருடைய சாமான்கள்தான் இருந்தன. கிளாக்கர் பத்திநாதன்மீது குறை எதுவும் இல்லை. மனுவின் தமிழ் மட்டும் கொஞ்சம் நன்றாக இருந்தது.

உதவியாளர் றோலண்ட் ஏற்கெனவே எழுந்து நின்றார். "கங்காணிதான் சார். காரை எடுக்கவா?"

"காரை எடுங்க. கங்காணியை விட்டுடுங்க."

வழியில் கணேசமூர்த்தி பூதக்கண்ணாடி வைத்து மனுவைப் பார்த்தார். கைநாட்டுகளில் ரேகை சுத்தமாக விழுந்திருந்தது. வருஷக்கணக்காகக் கொழுந்து கிள்ளும் பெருவிரலில் வெடிப்பும் கீறலும் இருக்குமே என்றார். அது தாய்மாரின் கையல்ல என்பதைச் சொல்லும். யாருடைய கை என்பதைச் சொல்லாது.

தோட்டத்தில் மத்தியான நிறுவை நடந்துகொண்டிருந்தது. கொழுந்துக் கூடைகளுடன் பெண்கள் நின்றார்கள். கணேசமூர்த்தி மார்கிரட்டின் வகுப்புப் பட்டியலை வாங்கி, அதை எப்படித் தயாரித்தாள் என்று கேட்டார். லயம் லயமாக, குடும்பங்கள் இருக்கும் ஒவ்வொரு காம்பிராவாகப் போய் எழுதியதாக அவள் சொன்னாள். மனுவில் இருந்த வரிசை அதுவல்ல.

மனுவில் இருந்த வரிசையிலேயே பெயர்களைப் படிக்க அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "நான் பேரைச் சொல்றேன். சம்பளப் புத்தகத்துல இருக்கிற உங்க செக்றோல் நம்பரை மட்டும் சொல்லுங்கம்மா. ராக்காயி?"

"பதினொண்ணுங்க."

"தெரேசா?"

"பதினேழு."

"நாகலெட்சுமி?"

"முப்பத்திரண்டு. எதுக்குங்க, சம்பளமா?"

எல்லாரும் சிரித்தார்கள். வேலாயி நாற்பது என்றாள். ஒன்பதாவது பெயரில் றோலண்டின் பென்சில் நின்றுவிட்டது. "ஏறிக்கிட்டே போகுது சார்," என்றார் மெதுவாக. இருபத்து நான்காவது பெயர்வரை ஏறிக்கொண்டேதான் போனது.

மூன்றரை மணிக்கு ஆபீசில் பேராசிரியர் உட்கார்ந்திருக்க, மூவரும் எதிரே நின்றார்கள். கணேசமூர்த்தி குரலை உயர்த்தாமல் பேசினார்.

"லயத்துக்குப் போய்க் கைநாட்டு வாங்கியிருந்தா, பக்கத்துக் காம்பிரா ஆளுங்க சேர்ந்து வந்திருப்பாங்க. மனுவுல பேருங்க செக்றோல் நம்பர் வரிசையில இருக்கு; அந்த நம்பரை வேலைக்குப் பேர் பதிஞ்ச வரிசையிலதான் குடுக்கிறாங்க. அது லயம் முழுக்கச் சிதறிக் கிடக்கு. கடைக்காரருக்கு அந்த நம்பரே தெரியாது. கங்காணி எழுதச் சொல்லியிருந்தா, மலையில தன் ஆளுங்க நிக்கிற வரிசையில சொல்லியிருப்பாரு."

"நான் சத்தம் போடுறவன்தானுங்க," என்றார் அழகுமுத்து. "ஆனா மூஞ்சிக்கு நேராப் போடுவேன்."

"எந்தப் பிள்ளைக்கு யாரு தாய்னு தேடி, செக்றோல் புத்தகத்தை மேலேயிருந்து கீழே பார்த்துக்கிட்டே வந்தவர்தான் இந்த மனுவை எழுதினாரு. அந்தப் புத்தகம் ஒருத்தர் மேசையிலதான் இருக்கு." கணேசமூர்த்தி மைத்தட்டை நகர்த்தினார். "பத்திநாதன், பெருவிரலை வைக்கிறீங்களா?"

பத்திநாதன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என் மச்சான் மூணு வருஷமா அந்த வேலைக்குக் காத்துக்கிட்டிருக்கான்," என்றார்.

பேராசிரியர் மனுவைக் கிழிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நிதிக் கடிதத்தை எடுத்துக் கையெழுத்திட்டார். வெளியே சன்னலோரம் நின்ற பெண்களுக்கு றோலண்ட் தலையசைத்ததும் ஆபீஸ் வாசலில் ஒரே ஆரவாரம்.

மார்கிரட் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கிளாக்கர் முன்னால் வைத்தாள். "இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குங்க. மச்சானை வரச் சொல்லுங்க. முதலா வந்தா வேலை அவருக்குத்தான்."

பத்திநாதன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எழுதுங்க கிளாக்கரையா," என்றார் அழகுமுத்து. "இருபத்து நாலு பேரை எழுதின கைதானே."

தொரை நாளைக்கு என்ன செய்வாரோ, அது வேறு விஷயம். பத்திநாதன் மச்சானின் பெயரை எழுதினார்.