கதைப்பன் என்றாள் லக்சனா

லக்சனா வாயைத் திறந்து ஒரே ஒரு சொல்தான் சொன்னாள். அந்த ஒரு சொல் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

நியூ ஜெர்சியின் ஐசலினை விட்டு டெக்சஸின் கேட்டிக்கு அவள் குடும்பம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்குப் புது வேலை கிடைத்தது. அம்மாவுக்குப் பெரிய சமையலறை கிடைத்தது. லக்சனாவுக்குக் கிடைத்தது தனிமை. பள்ளிப் பேருந்தில் அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய பைதான் உட்கார்ந்து வரும்.

ஞாயிறு மாலைகளில் தமிழ் ஆராதனை உண்டு. ஓர் அமெரிக்கத் தேவாலயத்தை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். அங்கே பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவர் ஹெப்சி ஆன்ட்டி. தூத்துக்குடிக்காரர். வகுப்பு முடியும்வரை தமிழில்தான் பேச வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

ஒருநாள் ஆன்ட்டி கேட்டார். "கடவுள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை வெச்சிருக்கார். நீங்க அவருக்காக என்ன செய்வீங்க?"

வெண்பா என்கிற பெண் பாட்டுப் பாடுவேன் என்றாள். ஜோயல் கீபோர்டு வாசிப்பேன் என்றான்.

லக்சனா யோசித்தாள். இங்கே யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால் நான் போய்ப் பேசுவேன், என்னை மாதிரி ஒருவரும் தவிக்கக் கூடாது என்று நினைத்தாள். அதையே வீட்டில் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழில் சொன்னாள்.

"நான் கதைப்பன், ஆன்ட்டி."

யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது. தூத்துக்குடியிலோ கதை என்றால் கதைதான்.

"கதை சொல்வியா? சின்னப் பிள்ளைங்க ரூமுக்கு ஆளே இல்லாம நான் திண்டாடிட்டு இருக்கேன், தங்கம்" என்று பூரித்துப்போனார் ஆன்ட்டி. உடனே கண்ணை மூடி ஜெபமும் செய்துவிட்டார். எல்லோரும் ஆமென் என்றார்கள். லக்சனாவும் ஆமென் என்றாள். கண்ணைத் திறந்த பிறகுதான் நடந்தது அவளுக்கு விளங்கியது.

அடுத்த ஞாயிறு அவள் நடைவழியின் கடைசி அறைக்கு அனுப்பப்பட்டாள். நோவாவின் பேழைக் கதையைத் தமிழில் தொடங்கினாள். வாண்டுகள் திருதிருவென்று விழித்தார்கள். சரி என்று இங்கிலீஷுக்குத் தாவினாள். பேழையில் டைனோசர் இருந்ததா என்று ஒருத்தி கேட்டாள். பதில் வருவதற்குள் இன்னொருவன் டைனோசராகவே மாறி மேசைமேல் ஏறிவிட்டான். மூலையில் மகிழன் என்கிற பையன் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் சிரிக்கவே இல்லை.

பெரிய கூடத்திலிருந்து அவள் வயதுப் பிள்ளைகளின் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. லக்சனாவுக்கு அழுகை முட்டியது.

வீட்டுக்குப் போகும்போது காரில் அழுதே விட்டாள்.

"அம்மா, ஆன்ட்டி பிழையா விளங்கிட்டா. நான் கதைப்பன் எண்டுதான் சொன்னனான்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"நீயும் ஆமென் சொன்னனியோ?" என்று கேட்டாள் அம்மா.

"ஓம். எல்லாரும் சொல்லேக்க நானும் சொல்லிட்டன்."

"அப்ப ஆன்ட்டியோட நான் கதைக்கிறன். ஆண்டவரோட நீதான் கதைக்க வேணும்."

அன்றிரவு லக்சனா கதைத்தாள். "ஆண்டவரே, உமக்கு எங்கட தமிழ் விளங்கும்தானே. நான் கேட்டது இது இல்லை."

சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஹெப்சி ஆன்ட்டி வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சாரிடா, உங்க அம்மா போன் பண்ணாங்க. நான்தான் தப்பா புரிஞ்சிக்கிட்டேன். நீ பெரிய பிள்ளைங்களோட இரு. சின்னதுங்கள நான் பாத்துக்கிறேன்."

கூடத்திலிருந்து வெண்பா கையாட்டினாள். "லக்சனா, எங்க ஸ்கிட்டுல நடிக்க ஒரு ஆள் கம்மி. வர்றியா?"

இந்தக் கேள்விக்காகத்தானே அவள் இத்தனை நாளாக ஏங்கினாள். "இதோ வாறன். என்ர சுவெட்டர் அந்த அறையில கிடக்கு" என்று ஓடினாள்.

கடைசி அறையில் வாண்டுகள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். மகிழன் அதே மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன் ஷூ ஒன்றைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

"நீயாவது பேசேன்" என்று ஷூவிடம் மெதுவாகச் சொன்னான்.

லக்சனா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு குனிந்து, "ஏன் ராசா, சப்பாத்தோட கதைக்கிறாய்?" என்றாள்.

மகிழன் விருட்டென்று திரும்பினான். "அக்கா, உங்களுக்கு நெசமாவே தமிழ் தெரியுமா?"

"ஓம். போன கிழமை தமிழிலதானே தொடங்கினன்."

"அப்புறம் இங்கிலீஷுக்கு மாறிட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு எனக்குத் தெரியல." ஷூவின் நாடாவைத் திருகிக்கொண்டே, "ஸ்கூல்லயும் அப்படித்தான்" என்றான். அவன் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

லக்சனாவுக்குத் தான் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. தனியாக இருப்பவரோடு கதைப்பன் என்று அவள்தான் சொன்னாள். அதற்கு ஆமென் சொன்னதும் அவள்தான். ஆன்ட்டிக்கு விளங்காமல் போயிருக்கலாம். கடவுளுக்கு யாழ்ப்பாணத் தமிழ் நன்றாகவே விளங்கியிருக்கிறது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். "சரி, உன்ர ஊரில ஆரோட விளையாடுவாய்? சொல்லு."

"நீங்க வேற மாதிரி பேசுறீங்க அக்கா."

"விளங்குதோ?"

"விளங்கலேன்னா கேக்குறேன்" என்று பெரிய மனிதன்போல் சொன்னான் மகிழன். பிறகு அவன் பேச ஆரம்பித்தான். ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த பேச்சு எல்லாம் வந்தது. ஒருமுறை அவன் சிரித்தபோது, மேசைமேல் நின்ற டைனோசர்கூட இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

கதவு திறந்தது. ஹெப்சி ஆன்ட்டி தலையை நீட்டினார். "லக்சனா, அங்க உனக்காகக் காத்துட்டு இருக்காங்க. போகலையா?"

கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. லக்சனாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மகிழன் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"இல்லை ஆன்ட்டி, எனக்கு இங்க வேலை இருக்கு" என்றாள் லக்சனா. எழுந்து போய்க் கதவை அவளே சாத்திவிட்டு வந்து, "ம், பிறகு?" என்றாள்.