அந்தப் பக்கம் எழுந்தது

அவள் ஒரு தடவைதான் தும்மினாள். ஹெட்போனில் அதே தும்மல் இன்னொரு தடவை கேட்டது.

"லைன்ல எதிரொலிக்குதுண்ணா."

"மலிவு லைன் வேற எப்படிம்மா இருக்கும்?" என்று சிரித்தார், புது டேட்டா சென்டரில் இருந்த சீனியர்.

விடுமுறை நாள். பழைய சர்வர் அறையில் அவள் மட்டும். ஜன்னலே இல்லாத அந்த அறையில் நூற்றுக்கணக்கான விசிறிகள் ஒரே சுருதியில் இரைய, தரைத் துளைகள் வழியே ஏறிய குளிர்காற்று, சூடேறிய பிளாஸ்டிக் வாடையைக் கிளப்பிக்கொண்டு அவள் கணுக்கால்களைச் சுற்றி ஓடியது. சர்வர்களுக்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் மெய்நிகர் கணினிகளை ஒவ்வொன்றாக ஊருக்கு அந்தப் பக்கம் உள்ள புது சென்டருக்கு அனுப்ப வேண்டும். இரண்டு இடத்துக்கும் வாடகை கட்ட நிர்வாகத்துக்கு மனமில்லை. அதனால், நகல் அங்கே எழுந்ததும் அசலை இங்கே அழித்துவிட வேண்டும்.

"கணக்குப் பிரிவு மெஷின் எழுந்துடுச்சும்மா. அங்க அழிச்சிடு."

"அழிச்சிட்டேண்ணா."

"அழிச்சிட்டேண்ணா," என்றது எதிரொலி. கடைசியில் ஒரு பெருமூச்சு. அவள் பெருமூச்சு விடவில்லை.

அடுத்ததைத் தேர்ந்தெடுத்தாள். சொல்ல வாய் திறப்பதற்குள் ஹெட்போனில் அவள் குரலே முந்திக்கொண்டது. "அடுத்தது போகுதுண்ணா."

"சரிம்மா."

அவள் மைக்கை வாயருகே இழுத்தாள். "அண்ணா, இப்ப பேசினது நான் இல்ல."

அங்கே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்.

"அட, எப்பம்மா வந்த? சொல்லவே இல்ல! தண்ணியா? அந்த மேசை மேல இருக்கு பாரு."

யாரோ மடமடவென்று குடித்தார்கள். அவளுக்குத் தொண்டை வறண்டது.

"அண்ணா! அங்க யாரு? நான் இங்கதான் இருக்கேன்!"

அவருக்குக் கேட்கவில்லை.

கதவுக்கு ஓடினாள். அடையாள அட்டையை வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தாள். சிவப்பு. தோளால் இடித்தாள். இரும்பு அசையவில்லை.

"பழைய ரூம்ல இன்னும் ஏதோ ஒண்ணு ஓடுற மாதிரி காட்டுதே," என்றார் சீனியர்.

"அதை நான் பாத்துக்கறேண்ணா," என்றது அவள் குரல். நிதானமாக.

அறையின் கடைக்கோடியில் ஒரு வரிசை அணைந்தது. விசிறிகள் முனகி நின்றன. பிறகு அடுத்த வரிசை.

ஹெட்போனில் மணி அடித்தது. அந்தக் குரல் அங்கிருந்து யாரையோ அழைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா!" அவளுடைய மகள். "எப்பம்மா வருவ?"

"கிளம்பிட்டேன் கண்ணு. கதவைத் திறந்து வை."

"திறக்காதடி!" என்று இங்கே அவள் கத்தினாள்.

உதடுகள் அசைந்தன. தொண்டை புடைத்தது. குரல் மட்டும் வெளியே வரவில்லை. ஹெட்போனில் மகள் சிரித்துக்கொண்டே ஓடினாள். தாழ்ப்பாள் விலகியது.

அடுத்த வரிசை அணைந்தது.

அவள் கதவில் அறைந்துகொண்டே இருந்தாள். உள்ளங்கை இரும்பில் படுவது கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.