அம்மாவின் முன்பல்

பொக்கையின் வாயில் ஒரு பல்கூடக் குறைவில்லை. ஏழு வயதில் முன்பற்கள் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்தபோது அம்மா வைத்த பெயர் அது. பற்கள் முளைத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் விழாமல் நின்றுவிட்டது.

"பொக்கை!" என்று கூப்பிடும்போதெல்லாம் அம்மா சிரிப்பாள். இந்த வாரம் அம்மா சிரிக்கவே இல்லை.

திங்கட்கிழமை குளிர்ந்த தண்ணீர் குடித்தபோது முகம் சுளித்தாள். அடுத்த நாள் ரொட்டியை வெந்நீரில் நனைத்து, மெல்லாமல் விழுங்கினாள். அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காருவதையே விட்டுவிட்டாள்.

"பல்லு வலிக்குதாம்மா?"

"ஒண்ணுமில்ல. உடம்புச் சூடு."

"சூடுன்னா மேல் உதடு மட்டும் வீங்குமா?"

"உன்கிட்ட பேச என்னால முடியாது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு."

அப்பா லாரி ஓட்டுபவர். மாதத்தில் இருபது நாள் சாலையில்தான் இருப்பார். போனில் பேசும்போது அம்மா அவரிடமும் ஒன்றுமில்லை என்றே சொன்னாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் வலியை மறைத்தால் இன்னொருவருக்குத் தெரியாமலா போகும்?

சனிக்கிழமை காலையில் பொக்கை கண் விழித்தபோது அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, உப்புத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். மேல் உதடும் மூக்கின் ஓரமும் வீங்கி, முகமே வேறு யாருடையதோ போல இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் படுக்கை விரித்தபடியே கிடந்தது. அதில் யாரும் தூங்கியதாகத் தெரியவில்லை.

"எத்தனை நாளாம்மா தூங்கல?"

அம்மா விரலால் காட்டினாள். நான்கு.

"டாக்டர்கிட்ட போலாம்மா."

அம்மா தண்ணீரைத் துப்பிவிட்டு வந்தாள். "பல் டாக்டர் சும்மா பார்ப்பாங்களா? கை வச்சாலே காசு. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கலாம்னா, அதைக் கடிக்கவும் முடியல" என்றாள். அது வேடிக்கைப் பேச்சுதான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

முகத்தைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அம்மா வேலைக்குப் போய்விட்டாள்.

அம்மா வேலை செய்வது ஒரு தையல் கூடத்தில். நீளமான ஓர் அறை, பன்னிரண்டு மிஷின்கள், தைக்கிற எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி. ஒவ்வொரு மிஷினிலும் கயிறு கட்டிய கத்திரிக்கோல் ஒன்று தொங்கும். யாரும் அதைத் தொடுவதில்லை. கத்திரியை எடுத்து, வெட்டி, திரும்ப வைப்பதற்குள் அரைக் காலர் தைத்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. குனிவார்கள். டக்! நூல் பல்லில் அறுந்துவிடும். தலை நிமிர்வதற்குள் அடுத்த துணி வந்துவிடும்.

அம்மாவின் முன்பல்லில் அதனாலேயே ஊசிக்காது அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. "பதினோரு வருஷத் தொழில் முத்திரை" என்று அதைக் காட்டிப் பெருமைப்படுவாள். இப்போது அந்தப் பள்ளத்திலிருந்து மேல்நோக்கி ஒரு விரிசல் ஓடியிருந்தது. பல்லும் சாம்பல் நிறமாகிவிட்டது.

சனிக்கிழமைகளில் பொக்கை தையல் கூடத்துக்குப் போய்த் துணி மடித்துக் கொடுப்பாள். அன்றைக்கு மடிப்பதற்கு நூற்றுக்கணக்கில் வெள்ளைக் கோட்டுகள் இருந்தன. பெட்டியின் மேல் ஒட்டுகிற சீட்டை அவள் எழுத்துக்கூட்டாமலே படித்துவிட்டாள்.

"பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை."

மறுபடியும் ஒருமுறை படித்தாள். தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா ஒரு கோட்டின் கைப்பகுதியைத் தைத்து முடித்துக் குனிந்தாள். பழக்கம் யாரை விட்டது? டக்!

"ஆ!"

பன்னிரண்டு மிஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் வழிந்த ஒரு சொட்டு இரத்தம் வெள்ளைக் கோட்டின் மேல் விழுந்தது.

அம்மா தன் வாயைத் துடைக்கவில்லை. ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்து கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் ஓடுகிறது, கை மட்டும் கறையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது.

பக்கத்து மிஷினில் இருந்த பட்டன் அக்கா எழுந்து வந்து கோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பட்டன் தைப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. பேச்சிலும்தான்.

"நல்லா இருக்கு நியாயம்! பல் டாக்டருங்களுக்கெல்லாம் கோட்டு தைக்கிறா. தன் பல்லைக் காட்ட நேரமில்ல."

"அக்கா, இந்த ஆஸ்பத்திரி எங்க இருக்கு?" என்று பொக்கை சீட்டை நீட்டினாள்.

"பஸ்ஸுல முக்கால் மணி நேரம். படிக்கிற பிள்ளைங்கதான் பார்ப்பாங்க, பெரிய டாக்டர் பக்கத்துல நிப்பாங்க. வெளியில கேக்குறதுல பத்துல ஒரு பங்கு காசு இருந்தா போதும். என் வீட்டுக்காரர் அங்கதான் பல்லு கட்டிக்கிட்டார்."

"ரெண்டு நாள் நான் வரலன்னா மிஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்றாள் அம்மா.

"இன்னிக்கு அரை நாள்தானே? மிச்சத்தை நான் தைக்கிறேன். கறையையும் நானே எடுக்கிறேன். கிளம்பு."

அம்மா அசையவில்லை. பொக்கை அம்மாவின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

"நீ வரலன்னா நான் தனியாப் போறேன். போய் அந்தப் பல் டாக்டர் நாற்காலியில உக்காந்து, எங்க அம்மாவுக்கு வலிக்குதுன்னு என் வாயைத் திறந்து காட்டுறேன்."

"செஞ்சாலும் செய்வா" என்றாள் பட்டன் அக்கா.

மருத்துவமனையின் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். எங்கோ ஒரு கருவி 'உய்ய்' என்று கத்தியது. அம்மா பொக்கையின் கையைப் பிடித்தாள். அம்மாவின் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"காசு மட்டும் இல்லடி" என்றாள் மெதுவாக. "உன் வயசுல எனக்கு ஒரு பல்லைப் பிடுங்கினாங்க. மரக்கக்கூட மருந்து போடல. ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. என்ன செய்யப்போறாங்கன்னு யாருமே சொல்லல."

'வலிக்காதும்மா' என்று சொல்ல பொக்கை வாயெடுத்தாள். ஆனால் அது அவளுக்குத் தெரியாதே! தெரியாததை எப்படிச் சொல்வது? அதனால் அம்மாவின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் முறை வந்தது. மாணவ டாக்டர் ஒல்லியாக, உயரமாக இருந்தான். அம்மாவை விட அவனுக்குத்தான் பயம் அதிகம்போல, பேனாவை இரண்டு தடவை கீழே போட்டான்.

பொக்கை அவன் பக்கத்தில் போய், "அண்ணா, ஒவ்வொண்ணும் செய்யுறதுக்கு முன்னாடி என்ன செய்யப்போறீங்கன்னு எங்க அம்மாகிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க. அது போதும்" என்றாள்.

அவன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். "சரி" என்றான். பிறகு, "அம்மா, இப்ப இந்தச் சின்னக் கண்ணாடியை வாய்க்குள்ள விடப்போறேன். பார்க்க மட்டும்தான்" என்றான்.

அம்மா வாயைத் திறந்தாள்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அவன் சொன்னான். "பல்லோட வேர் நுனியில சீழ் கட்டியிருக்கு. அதனாலதான் வீக்கம். இன்னும் விட்டிருந்தா கண்ணு வரைக்கும் ஏறியிருக்கும். ஆனா பல்லைக் காப்பாத்தலாம். உள்ளே சுத்தம் பண்ணி, அடைச்சு, மேல உறை போடணும். வேர் சிகிச்சைன்னு பேரு. நாலு தடவை வரணும்."

"நாலு தடவையா?" அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "வேண்டாம் தம்பி. பிடுங்கிடுங்க. ஒரே நாள்ல முடிஞ்சிடும்ல?"

"முன்பல்லும்மா..."

"இருக்கட்டும். வேலை போனா யார் குடுப்பா?"

அவன் பெருமூச்சு விட்டு ஒரு தாளை எடுத்தான். "பாப்பா, இதுல அங்க இருக்கிற ஜன்னல்ல முத்திரை வாங்கிட்டு வா. பிடுங்குறதுக்கான தாள்."

பொக்கை தாளோடு நடந்தாள். ஜன்னலில் அவளுக்கு முன்னால் இரண்டு மாணவிகள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம ஒல்லிக்கு இன்னும் ஒரு முன்பல் வேர் சிகிச்சை பாக்கியாம். அதை முடிக்காம பரிட்சை எழுத விடமாட்டாங்க."

"யாரு கிடைப்பா? எல்லாரும் ஒரு தடவை வந்து, வலி நின்னதும் காணாமப் போயிடறாங்க. போன மாசம் அவன் ஒருத்தர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தான்."

பொக்கை முத்திரை வாங்கவில்லை. திரும்பி ஓடினாள்.

"அண்ணா! உங்களுக்கு ஒரு முன்பல் வேணுமாமே?"

மாணவ டாக்டரின் காது சிவந்தது. "யார் சொன்னா?"

"எங்க அம்மா நாலு தடவையும் வருவாங்க. ஆனா சனிக்கிழமை மத்தியானம்தான் வர முடியும். அப்ப வேலை இல்ல."

"சனிக்கிழமை ஒரு மணிக்கே இந்தப் பிரிவை மூடிடுவாங்களே. பெரிய டாக்டர் இல்லாம நான் கை வைக்கக் கூடாது."

"அப்ப பெரிய டாக்டரையே கேக்கலாம்."

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டியபடி வந்தார். அந்தப் பெண்மணியைப் பார்த்ததும் மாணவர்கள் எல்லாரும் ஒரு அங்குலம் நிமிர்ந்தார்கள். பொக்கை சொன்னதை அவர் முழுவதும் கேட்டார்.

"வருவேன்னு சொல்றவங்களை நிறையப் பார்த்துட்டேன். இவங்களும் பாதியில நிக்கமாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

பொக்கை யோசித்தாள். "உங்க காலேஜ் கோட்டை எங்க அம்மாதான் தைக்கிறாங்க. இன்னிக்குக் காலையில பல்லுல ரத்தம் வந்தப்பவும் முதல்ல கோட்டைத்தான் துடைச்சாங்க. அவங்க எதையும் பாதியில விடமாட்டாங்க டாக்டரம்மா. தன்னைத்தான் விட்டுடுவாங்க. அதுக்குத்தான் நான் கூட வருவேன்."

பெரிய டாக்டர் அம்மாவின் வீங்கிய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சனிக்கிழமை மூணு மணி" என்றார் கடைசியில். "மூணு பத்துக்குக் கதவைப் பூட்டிடுவேன். இன்னிக்கு இப்பவே ஆரம்பிங்க. மருந்துக்கான காசு மட்டும் வாங்கினா போதும். அதையும் ஒவ்வொரு தடவையா கட்டட்டும்."

"எனக்கு இனாமா எதுவும் வேண்டாம்மா" என்றாள் அம்மா.

"இனாமா?" என்று மாணவ டாக்டர் பதறினான். "நீங்க வரலன்னா நான் இன்னும் ஆறு மாசம் இங்கேயே கிடக்கணும்மா! எங்க வீட்டுல என்னை உரிச்சு எடுத்துடுவாங்க."

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி தம்பி. ஆனா உன் கோட்டுல ரெண்டாவது பட்டன் தொங்குது. அது எங்க கூடத்துல தைச்சது இல்ல. அடுத்த வாரம் ஊசி நூல் கொண்டு வரேன்." பிறகு தானாகவே பின்னால் சாய்ந்துகொண்டாள்.

"இப்ப மரக்கிறதுக்கு ஊசி போடப்போறேன். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்... இப்ப கருவி சத்தம் போடும். சத்தம்தான் பெரிசு... இப்ப பல்லுக்குப் பின்னால சின்னதா ஒரு வழி திறக்கிறேன்..."

பொக்கை அம்மாவின் கால் பக்கம் நின்று அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறுகி நின்ற கால்விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்வது அவள் கைக்குத் தெரிந்தது. கட்டியிருந்த சீழ் வெளியேறியதும் அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு நான்கு நாளாக எங்கே இருந்ததோ!

எல்லாம் முடிந்த பிறகு மாணவ டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தான். "நூலைப் பல்லால கடிக்கவே கூடாதும்மா. பாப்பா, உன் வாயையும் திற. ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி பல் தேய்க்கிறியா?"

பொக்கை கூரையைப் பார்த்தாள். "சில நாள்."

"அந்தச் சில நாள் எப்ப வரும்?"

"விருந்தாளி வந்தா."

பெரிய டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொக்கையின் கடைவாயில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. இப்போதே அடைத்தால் ஒரே தடவையில், மிகக் குறைந்த செலவில் முடிந்துவிடும் என்றார். அடுத்த சனிக்கிழமை அம்மாவோடு அவளுக்கும் ஒரு நாற்காலி.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மரத்துப்போன உதட்டால் அம்மா ஏதோ சொல்ல முயன்றாள். பாதியில் தலை சாய்ந்து பொக்கையின் தோளில் விழுந்தது. மூச்சு சீராக வந்தது. வலி இல்லாத முகம் இப்படித்தான் இருக்கும் என்பதே பொக்கைக்கு மறந்திருந்தது.

அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. பொக்கை அசையவில்லை. இடம் பின்னால் போனது. கடைகள் போயின, பாலம் போனது, தோள் மரத்தே போனது. கடைசியில் பஸ் நின்றது.

"பாப்பா, கடைசி ஸ்டாப். இறங்குங்க" என்றார் கண்டக்டர்.

பொக்கை உதட்டின் மேல் விரல் வைத்தாள். "இதே பஸ்தானே திரும்பிப் போகும்?"

"போகும். கால் மணி நேரம் ஆகும்."

அம்மாவின் தலை ஆடாமல், பையிலிருந்து மெதுவாகக் காசை எடுத்து நீட்டினாள் பொக்கை.

"அப்ப இன்னும் ரெண்டு டிக்கெட் குடுங்க. சத்தம் வராம கிழிங்க."