கன்னத்துச் சாந்து

முகம் கழுவிக்கொண்டு வந்து கூடத்துக் கண்ணாடியைப் பார்த்தபோது, வேதாந்தத்தின் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. துண்டால் துடைத்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். விரலில் கறுப்பு ஒட்டவில்லை, கண்ணாடியில் மட்டும் பொட்டு அப்படியே நின்றது. குழந்தைக்குத் திருஷ்டி கழிய வைப்பார்களே, அந்த அளவு.

"ஜலஜா, என் கன்னத்துல ஏதாவது இருக்கா பாரேன்."

அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லையே. ஏன்னா?"

"சும்மாத்தான்."

அந்தக் கண்ணாடி வெகுகாலம் பரணில் கிடந்தது. "இனிமே யாருக்காக ஒளிச்சு வெக்கணும்?" என்று இன்று காலையில்தான் ஜலஜா அதை இறக்கி மாட்டினாள்.

ஒரு வயது வரை குழந்தைக்குக் கண்ணாடி காட்டக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். வேறொரு புருஷன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். இவர் உபாத்தியாயர்களுக்கு மனோதத்துவம் கற்பிக்கிற மனுஷர், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தன் முகத்தையே பார்த்தறியாத குழந்தை முதன்முதலாக அதைப் பார்த்தால் என்ன செய்யும்? கன்னத்தில் வைத்த சாந்துப் பொட்டை எதிரே பார்த்துவிட்டுத் தன் கன்னத்தைத் தடவினால், அதற்குள் 'நான்' பிறந்துவிட்டது. எதிரே இருப்பதைத் தொடப் போனால் இன்னும் பிறக்கவில்லை. மேல்நாட்டுப் பண்டிதர்கள் ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். மயிலாப்பூரில் தன் வீட்டுக்குள்ளேயே அதைத் தீர்த்துக் காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு பேராசை. ஒரு வயது தாண்டியும் கண்ணாடி இறங்கவில்லை. பளபளக்கும் தட்டைக்கூடக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்.

குழந்தையின் பெயர் வேம்பு. முன்னே பிறந்தவை தங்கவில்லை, இதையாவது எமன் கசந்து துப்பட்டும் என்று வைத்த பெயர்.

ஒரு மத்தியானம் ஜலஜா அசந்து தூங்கும்போது அவர் கொல்லைக் கதவைத் திறந்தார். கிணற்றடித் தொட்டியை வழிய வழிய நிரப்பி, தண்ணீர் அசைவு நிற்கும் வரை காத்திருந்து, கன்னத்தில் சாந்துப் பொட்டு வைத்திருந்த வேம்புவை அதன் விளிம்பருகே நிறுத்தினார். அவள் குனிந்து பார்த்தாள். தன் கன்னத்தைத் தொடவில்லை. தண்ணீருக்குள் தெரிந்த பாப்பாவிடம் கையை நீட்டி, "வா, வா" என்றாள். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ "சார்" என்று கூப்பிட்டார்கள். போனவர், குழந்தை மனசைப் பற்றித் தாம் செய்யப்போகும் பிரசங்கத்தைச் சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். திரும்பி வந்தபோது தொட்டித் தண்ணீர் அசைவற்றுக் கிடந்தது.

"பாவி நான், தாப்பாள் போடாம தூங்கிட்டேனே" என்று ஜலஜா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். திறந்தது நான் என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரமெல்லாம் அவள் அந்தத் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள்.

இன்றும் இழுத்துப் பார்த்துவிட்டு விளக்குக்குத் திரி போட உட்கார்ந்தாள். கோவில் மணி ஓய்ந்து, லஸ் பக்கம் டிராம் வண்டியின் கிணுகிணுப்பும் தேய்ந்து போன பின், கூடத்து இருட்டில் கருகிய ஜவ்வரிசி வாசனை மெல்லப் பரவியது. கொட்டாங்கச்சியில் சாந்து காய்ச்சும்போது வருமே, அதே வாசனை. இந்த வீட்டில் யாரும் சாந்து காய்ச்சி எத்தனையோ நாளாகிறது. கொல்லையில் தொட்டித் தண்ணீர் ஒருமுறை தளும்பியது.

தொட்டியை அன்றே கவிழ்த்துப் போட்டாயிற்று.

இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தார். "ஜலஜா" என்று ஆரம்பித்தார்.

"என்னன்னா?"

"விளக்கைச் சீக்கிரம் ஏத்து."

கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டார். அவர் கை துண்டைப் பிடித்திருந்தது. உள்ளே இருந்த கையில் துண்டு இல்லை. அந்தக் கை சின்னது. ஈரம்.

பட்டென்று ஓர் அடி. கண்ணாடியின் உட்பக்கத்திலிருந்து.

மறுபடியும்.

"வா. வா."

அவர் நிற்க வேண்டிய இடத்தில் வேம்பு நின்றாள். முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. கன்னத்தில் சாந்து கரையவே இல்லை.

பின்னால் விளக்கு வெளிச்சம் வந்தது. ஜலஜா வந்தாள், பார்த்தாள். அலறவில்லை. முகம் மலர்ந்து கண்ணாடிக்கு முன் மண்டியிட்டாள்.

"வந்துட்டியாடி என் கண்ணே" என்றாள். பிறகு, இத்தனை நாளும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததை, செல்லமாகத்தான், குழந்தையிடம் கேட்டாள். "யாருடி உனக்குக் கதவைத் திறந்துவிட்டா?"

கண்ணாடிக்குள் வேம்பு சற்று யோசித்தாள். நீர் சொட்டும் சின்ன விரலை மெல்ல உயர்த்தி, ஜலஜாவின் தோளுக்கு மேலாக, நேரே அவரைக் காட்டினாள்.

விளக்கைக் கையில் பிடித்தபடி ஜலஜா திரும்பினாள்.