தாங்கிக்குள் என்ன?

மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த ஐறீனுக்கு நல்ல தாகம். குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்து கோப்பையை நீட்டியதுதான் தாமதம், அம்மா பாய்ந்து வந்து மூடிவிட்டார்.

“தொடாத பிள்ளை! தண்ணிக்குள்ள நஞ்சாம்!”

“நஞ்சோ? ஆர் போட்டது?”

அம்மா குரலைத் தணித்தார். “யாழ்ப்பாணத்திலையிருந்து மேல் மாடிக்குப் புதுசா வந்திருக்கிறாரே, சிவபாதசுந்தரம். நேற்று மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணித் தாங்கிக்குள்ள ஏதோ கலந்தவராம். காலமைத் தேத்தண்ணியும் கசந்தது, கவனிச்சனியே?”

“அது ஒவ்வொரு நாளும் கசக்கிறதுதானே,” என்று பேப்பருக்குப் பின்னால் இருந்து அப்பா சொன்னார். அம்மா முறைத்த முறைப்பில் பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

கொட்டாஞ்சேனையில் அந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு ஒரே ஒரு தண்ணீர்த் தாங்கிதான். அது யுத்த காலம். வடக்கில் சண்டை. கொழும்பிலோ, எங்கே எப்போது குண்டு வெடிக்குமோ என்ற பயம். யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டு வந்தவர்களைக் கண்டால், கொழும்புத் தமிழர்களே ஒதுங்கிப் போனார்கள். பழகினால் தங்களுக்கும் தொல்லை வரும் என்று நினைத்தார்கள்.

“அடிமாடி ஒஸ்வால்ட் அங்கிள் பொலிசுக்குச் சொல்லப் போறாராம்,” என்றார் அம்மா.

ஐறீன் கோப்பையைக் கீழே வைத்தாள். சிவபாதசுந்தரத்தின் மகள் அருந்ததி அவளுடைய வகுப்புத்தான். வாயே திறக்கமாட்டாள். ஆனால் ஐறீன் பென்சிலை மறந்து போன ஒரு நாள், தன் பென்சிலை இரண்டாக முறித்துப் பாதியைத் தந்தவள் அவள்தான். பொலிஸ் வந்தால் அவளுடைய அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடும். எப்போது விடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

“அவர் நஞ்சு போட்டதை ஆர் கண்டது, அம்மா?”

“எல்லாரும்தான் சொல்லினம்.”

“சொன்னது எல்லாரும். கண்டது ஆர்?”

அம்மா யோசித்தார். “எனக்கு முன் வீட்டு றோஸி அன்ரி சொன்னவ.”

ஐறீன் முன் வீட்டுக்கு ஓடினாள். அங்கே றோஸி அன்ரி சோடாப் போத்தலைத் திறந்து, அந்தச் சோடாவில் அரிசி கழுவிக்கொண்டிருந்தார்.

“நஞ்சோ? ஐயோ, நான் நஞ்செண்டு சொல்லேல்லையே! மருந்தெண்டுதான் சொன்னனான். கீழ் வீட்டு ஷபீகா சொன்னா.”

ஐறீன் படியிறங்கினாள்.

“மருந்தா? அல்லாவே! நான் அப்படிச் சொல்லல்ல மகள்,” என்றார் ஷபீகா. “வெள்ளைப் பை ஒண்டக் கொண்டு போனார் எண்டுதான் சொன்னேன். கண்டது நேசம் அன்ரி.”

நேசம் அன்ரி ஒஸ்வால்ட் அங்கிளின் மனைவி. அடிமாடியில் இருந்தார்.

“பையோ? வெள்ளையா ஏதோ ஒண்டைக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு மேல போனார். அவ்வளவுதான் நான் கண்டது!”

நஞ்சு மருந்தாகி, மருந்து பையாகி, பை ‘ஏதோ ஒண்டு’ ஆகிவிட்டது. இன்னும் ஒரு மாடி கீழே இருந்திருந்தால் அதுவும் காணாமற் போயிருக்கும் என்று ஐறீன் நினைத்தாள்.

வாசலில் ஒஸ்வால்ட் அங்கிள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் எதற்கும் முன்னுக்கு நிற்பவர் அவர்தான்.

“அங்கிள், நீங்கள் மேல ஏறித் தாங்கியைப் பாத்தனீங்களோ?”

“என்ரை முழங்காலோட மேல ஏறுறதே?”

“பொலிஸ் ஐயாவும் இதைத்தானே கேப்பார்? அப்ப என்ன சொல்லுவீங்கள்?”

அங்கிளின் கை அப்படியே நின்றது. பிறகு, ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் செருப்புமாகப் படியேறத் தொடங்கினார். மாடிக்கு மாடி மூச்சு வாங்க நின்றார். அவர் நின்ற இடமெல்லாம் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். நேசம் அன்ரி, ஷபீகா, றோஸி அன்ரி, கடைசியில் ஐறீனின் அம்மாவும் அப்பாவும்.

மேல் மாடியில் ஒரு கதவு கொஞ்சமாகத் திறந்தது. அருந்ததி எட்டிப் பார்த்தாள்.

“அப்பாவைப் பிடிச்சுக் குடுக்கப் போறீங்களோ?”

ஐறீன் அவளுடைய கையைப் பிடித்தாள். “நீயும் வா. பாத்திட்டு வருவம்.”

மொட்டை மாடியில், போன கிழமை அடித்த காற்றில் உடைந்த தாங்கி மூடி இரண்டு துண்டாகக் கிடந்தது. தாங்கியின் வாயை ஒரு வெள்ளை வேட்டி மூடியிருந்தது. கரை போட்ட நல்ல வேட்டி. நாலாக மடித்து, இழுத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதன் மேல் ஒரு காகம் இருந்து, முடிச்சைக் கொத்திக் கொத்திப் பார்த்தது.

ஒஸ்வால்ட் அங்கிள் காகத்தை விரட்டிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். அடி தெரியும் தெளிந்த தண்ணீர்.

“மூடி உடைஞ்சு கிடந்தது, ஐயா.” பின்னால் சிவபாதசுந்தரம் வந்து நின்றார். “இந்தக் காகம் உள்ளுக்க இறங்கிக் குளிச்சுக்கொண்டு நிண்டது. மூடுறதுக்குப் பலகை ஒண்டும் கிடைக்கேல்லை. என்ரை கோயில் வேட்டிதான் அகலமா இருந்தது.”

“ஏன் எங்களிட்டை ஒரு வார்த்தை சொல்லேல்லை?” என்று ஒஸ்வால்ட் அங்கிள் கேட்டார்.

“ஆரிட்டைச் சொல்லுறது, ஐயா? வந்த நாளிலையிருந்து எங்களோட ஒருத்தரும் கதைக்கிறேல்லையே.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கேட்டவர்களுக்கு இன்னும் சுட்டது.

ஒஸ்வால்ட் அங்கிள் தொண்டையைச் செருமினார். “பிழை என்னிலைதான். நீங்கள் வந்த அண்டைக்கே நான் கதவைத் தட்டியிருக்க வேணும்.”

ஐறீனின் அம்மா அருந்ததியின் தலையைத் தடவினார். “அம்மாவையும் கூட்டிக்கொண்டு கீழ வா பிள்ளை. தேத்தண்ணி குடிப்பம்.”

அன்று பின்னேரம் ஐறீனின் வீட்டில் கதிரை போதவில்லை. பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக் கொன்ஸ்ரன்ஸ் மாமி, என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். றோஸி அன்ரி உடனே தொடங்கிவிட்டார்.

“உங்களுக்குத் தெரியாதே? தாங்கிக்குள்ள பத்துப் பதினைஞ்சு காகம்! இந்த மனுசன் தனியாளா நிண்டு எல்லாத்தையும் கலைச்சவர்!”

ஐறீன் வாயைத் திறக்குமுன் பக்கத்தில் இருந்து ஒரு சத்தம் கேட்டது.

“ஒரு காகம்தான், அன்ரி!”

எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அருந்ததியின் குரல் இவ்வளவு பெரிய குரல் என்று ஐறீனுக்கே அன்றுதான் தெரிந்தது.