அருளப்பர் மாளிகையின் வாசற்பலகை

விடிவதற்கு முன் வீட்டுக்கண்ணை அணைத்துவிட்டுத்தான் மாடிப்படியைக் கழுவுவேன். கூரையில் பதித்த அந்த சென்சார் குடியிருப்போர் அறைக்குள் எட்டிப் பார்க்காது. படி, தண்ணீர்த் தொட்டி, மோட்டார் இவற்றை யார் பராமரிக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளும். ஆள் வைக்க எனக்கு வசதியில்லை. ஆனால் அருளப்பரின் பேரன் துடைப்பம் பிடித்தான் என்று எந்தப் பதிவிலும் இருக்கக் கூடாது.

கடல் தூத்துக்குடிக்குள் ஏறி வந்தபோது, எங்கள் மாளிகையைத் தூண்களின் மேல் உயர்த்தப் பணம் போட்டவள் மெகர்பானு. உரிமையில் பாதி அவளுக்கு. வாடகை லாபத்திலும் பாதி. பிறகு பராமரிப்புச் சட்டம் வந்தது. வாடகை வீட்டைப் பேணுகிறவர் பக்கம் பங்கு நகரும். பங்கு கூடிய தரப்பின் பெயரை வாசற்பலகை காட்டும். அவள் துப்புரவு இயந்திரம் ஒன்றை அனுப்பியிருந்தாள்; அதன் வேலை அவள் கணக்கில் ஏறியது. என் பங்கு கரைவது தெரிந்தும் கண்ணை அணைத்துக்கொண்டே இருந்தேன்.

அன்று காலை பலகையில் தாத்தாவின் பெயர் இல்லை. ‘மெகர்பானு மாளிகை’ என்று ஒளிர்ந்தது. சற்று நேரத்தில் அவளே படகிலிருந்து இறங்கி வந்தாள்.

“என்ன ஐயா, நீங்க ஒரு வேலையும் பாக்கலன்னு வீடு சொல்லுது?”

“வீடு சொன்னா சரிதாம்மா.” நிமிர்ந்துதான் நின்றேன்.

முதல் தளத்தில் குடியிருக்கும் ஞானசீலி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். “இவுகதான் தினமும் கழுவுதாக. நாங்க முழிச்சுக்கிட்டேதான் படுத்திருப்போம். அண்ணாச்சி மேல போனப்புறம்தான் கதவத் திறப்போம்.”

“ஏன் அப்படி?” என்றாள் மெகர்பானு.

“பாத்துட்டோம்னு தெரிஞ்சா கழுவுறதையே விட்டுருவாகல்லா. உங்க மிஷின் நடுவுல நக்கிட்டுப் போயிரும். மூல எல்லாம் அப்படியே கெடக்கும்.”

குடியிருப்போரின் சாட்சிக்கும் சென்சார் பதிவுக்கும் சட்டத்தில் ஒரே மதிப்பு. “அப்ப எல்லாரும் வீட்டுக்கிட்ட சொல்லுங்க” என்றாள் மெகர்பானு. ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். பலகை ஒருமுறை இருண்டு, தாத்தாவின் பெயரோடு மீண்டும் ஒளிர்ந்தது. பல மாதங்களாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது.

“இனிமே கண்ண அணைக்காதீங்க ஐயா” என்று சிரித்தாள் மெகர்பானு. “எனக்கும் ஒரு தொடப்பம் வாங்கி வைங்க. இல்லாட்டி என் பங்கையும் கழுவிருவீங்க.”

மறுநாள் கண்ணை அணைக்கவில்லை. ஞானசீலி கதவைத் திறந்து வைத்துக் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, அந்த மூலைய விட்டுட்டீக.”

திரும்பிப் போய்க் கழுவினேன்.