பதினோரு நிமிடச் சீர்

என் வீட்டுக்காரர் நெற்றியில் பட்டை கட்டி அன்றோடு முப்பத்தொன்பது நாள். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே சார்ஜரிலிருந்து எடுத்துக் கட்டிக்கொள்வார். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார். கோழிக்கடைக்குப் போனாலும் நூல்மில்லுக்குப் போனாலும் தலையில் அதுதான். ஈரோட்டில் இப்போது யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முகூர்த்த மாசம் வந்தால் பஸ்ஸில் நாலு தாய்மாமன்களாவது பட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

சொல்வதற்குச் சுலபமான விரதம். கல்யாணப் பெண்ணுக்கு அவளைப் பெற்றவளைப் பற்றிய நினைவு ஒன்றைத் தாய்மாமன் சீராகக் கொடுக்க வேண்டும். கொடுக்கப்போகும் நினைவை ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், நினைக்கக் கூடாது. நினைக்க நினைக்க அது கலங்கிப்போகும், நடக்காததெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். மீறி நினைத்தால் பட்டை கீச்சென்று கத்தும். போன வருசம் பக்கத்து வீட்டுக்காரர் பட்டை பேங்கில் கத்தியது, சாவு வீட்டில் கத்தியது, பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி இருக்கும்போதும் கத்தியது. பாவம், மனுஷன் அக்கா மேல் அவ்வளவு உயிராக இருந்தவர்.

எங்கள் வீட்டுப் பட்டை ஒரு தடவைகூடக் கத்தவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் நவநீதனுக்கு இருக்கிற மனக்கட்டு யாருக்கு வரும் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். முப்பத்தொன்பதாம் நாள், தோசைக்கு மாவு ஊற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. மனசில் கிடந்து உறுத்துகிற விஷயமாக இருந்தால்தானே அடக்கி வைக்க வேண்டும்? இவர் சீராகக் கொடுக்கப் பதிவு செய்திருந்தது, தங்கச்சி ரஞ்சனி ஸ்கூட்டர் ஓட்டப் பழகிய நாளை. அதைக் கொடுத்துவிட்டு அடியோடு மறந்துபோனாலும் இவருக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. நல்ல சட்டையைப் பீரோவில் பூட்டிவிட்டுப் பழைய சட்டையைத் தானம் கொடுக்கிற கதையாக இருக்கிறதே.

கல்யாணப் பெண் மகிழ்மதி, ரஞ்சனியின் மகள். அவளைப் பெற்ற அன்றைக்கே ரஞ்சனி போய்விட்டாள். மதியின் அப்பா அந்த வருசமே வேறு கல்யாணம் செய்துகொண்டு கனடா போனார். குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தவர் இவர், வளர்த்தவள் நான். மதி சீராகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அம்மா தன்னைக் கையில் வைத்திருந்த நினைவு. அதைப் பார்த்தவர் உலகத்தில் இவர் ஒருவர்தான். அப்பாக்காரர் அந்த நேரம் ரத்தத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் அது மங்கிப்போச்சு சாமி என்று இவர் மதியிடம் சொல்லிவிட்டார்.

தட்டில் தோசையைப் போட்டுவிட்டு நேராகவே கேட்டேன். முதலில் மழுப்பினார், பிறகு கோபப்பட்டார், கடைசியில் தோசையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். ரஞ்சனி குழந்தையைக் கேட்டாளாம். நர்ஸ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாளாம். பதினோரு நிமிடம் வைத்திருந்தாளாம். எதிரே சுவர்க் கடிகாரம் இருந்ததால் கணக்கு தெரியும் என்றார்.

"அந்த நேரத்துல எனக்கு அந்தக் கொழந்தையக் கண்டாலே ஆகல, சங்கவி. இது பொறக்காம இருந்திருந்தா என்ற தங்கச்சி பொழச்சிருப்பாளேன்னுதான் நின்னுட்டு இருந்தேன். அதையா மதிக்குக் குடுக்கச் சொல்ற?"

காட்சி போனால் கூடவே உணர்வும் போகும். அதைத் தனியாகப் பிரிக்க இன்றைக்கும் வழி இல்லை. நினைவை மாற்றுகிற கருவி, நினைவுக்கடத்தியை வைத்த பிறகு இவர் அன்று என்ன நினைத்தாரோ அதை மதியும் நினைப்பாள், தன்னைத் தானே வெறுத்துக்கொண்டு நிற்பாள். இன்னொன்றும் உண்டு. கொடுத்த நினைவு கொடுத்தவரிடம் மிஞ்சாது. பிரதி எடுக்கிற சமாச்சாரமே கிடையாது. தங்கச்சியின் கடைசி முகம் இவரிடம் இருக்காது.

இருபத்தாறு வருசம் என்னிடம் மறைத்ததற்கு அவரை நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்த பிறகு எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. அந்த ஸ்கூட்டர் நினைவே போய்த் தொலையட்டுமே என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. பெற்றவள் கைச்சூடு தெரிந்துவிட்டால் வளர்த்தவளுடைய கைக்கு என்ன மதிப்பு என்று ஒரு பயம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. பகல் முழுக்க இதையே போட்டு உருட்டிவிட்டு, சாயங்காலம் நானே மதிக்குப் போன் போட்டு வரச் சொன்னேன்.

அவள் வந்ததும் மாமா எதிரே உட்கார்ந்தாள். மங்கிப்போனதாகச் சொன்னது பொய் என்றார் இவர்.

"அதுல உன்னையப் புடிக்காத ஒருத்தன் இருப்பான், சாமி. அது நாந்தான்."

மதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது, ஆனால் பார்வையை எடுக்கவில்லை.

"அப்பிடி ஒரு மாமாவ நான் பார்த்ததே இல்லையே. பரவால்ல, குடுங்க. எங்கம்மா எனக்கு வேணும்."

மறுநாள் நினைவுப் பதிவகத்தில் மாற்றி எழுதினோம். அங்கிருந்த பெண் ஸ்கேன் பார்த்துவிட்டு, இத்தனை வருசமாக இதைத் தொடவே இல்லை போலிருக்கிறதே, நேற்றுதான் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, மிச்சமிருக்கிற நாள் போதும் என்றாள். அன்றைக்கு ஒரு நாளிலேயே பட்டை பதினேழு தடவை கத்தியது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்ல வைத்தேன். போகப் போகக் கத்துவது குறைந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள், கடைசியாக ஒரே ஒரு தடவை பார்த்துக்கட்டுமா என்று சின்னப் பிள்ளை போலக் கேட்டார். கூடாது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மண்டபத்தில் சீர்த்தட்டுகளை இறக்கிய பிறகு இவரையும் மதியையும் மேடையில் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். நினைவுக்கடத்தி டிபன்பாக்ஸ் அளவுதான் இருந்தது. மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள். எத்தனை நிமிடம் நடந்ததோ அத்தனை நிமிடம்தான் அது மாறவும் ஆகும். எண்ணூறு பேர் பேசாமல் உட்கார்ந்திருக்க, மதியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பல்லைக் கடித்தாள். புருவம் நெரிந்தது. எனக்குத் தெரிந்த முகமே இல்லை அது. எழுந்து போய் வயரைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

முடிந்ததும் கண்ணைத் திறந்து ஓவென்று அழுதாள். பிள்ளை தாய்க்கு அழுகிற மாதிரி இல்லை. அண்ணன்காரன் தங்கச்சிக்கு அழுகிற அழுகை. ரஞ்சனி செத்த அன்றைக்கு இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடக்கியது அத்தனையும் சேர்ந்து அவளிடம் போயிருக்கிறது. இவரோ ஒன்றும் புரியாமல் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகை அடங்கிய பிறகு, கோபம் இருந்ததா என்று மெதுவாகக் கேட்டார். என்னிடம் சொன்னதும் மதியிடம் சொன்னதும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. நடந்தது மட்டும் இல்லை.

"இருந்துச்சு மாமா. நெறைய. எனக்கே அந்தக் கொழந்தையத் தூக்கி எறியலாம்னு வந்துச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இத்தன கோவத்தோடயா என்னையத் தூக்கிட்டு வந்து வளர்த்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் தலையாட்டினேன். நான் சொன்னால்தான் உண்டு, அந்தக் கோபம் எப்படி இருந்தது என்று அவருக்கே இனித் தெரியாது. பிறகு யாரோ தெரியாதவர்களிடம் வழி கேட்பதுபோலத் தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டார்.

"ரஞ்சனி உன்னைய எப்பிடி வெச்சிருந்தா, சாமி?"

மதி கல்யாண மாலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, இடது கையை மடித்து மார்போடு சேர்த்துக் காட்டினாள்.